எடின்பரோவின் நிலவமைப்பு

ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோ மேடுபள்ளங்கள் நிறைந்த நகரமாகும். நகரின் நடுவில் உள்ள கோட்டைப் பாறை மேற்கு, வடக்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் செங்குத்தாக உள்ளது. கிழக்குப் பக்கம் மட்டும் மெல்லச் சரிந்து இறங்குகிறது. இத்தோற்றத்திற்கு எரிமலையும் பனியாறும் காரணங்களாகும்.

எரிமலைக் காலம்

ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியில் எரிமலைகள் இயங்கின. அவை அடங்கியபோது, எரிமலைக் குழாயில் எஞ்சிய பாறைக்குழம்பு இறுகிக் கடினமான பாறையாயிற்று. புட்டியின் வாயை அடைக்கும் தக்கையைப் போன்றது இது. கோட்டைப் பாறை இவ்வாறு உருவானதே. 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்றும் பழைய எரிமலையின் எச்சமாகும்.

பனியாற்றின் வேலை

பனி ஊழியில் தடித்த பனிப்படலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தது. கோட்டைப் பாறையை அதனால் பெயர்க்க முடியவில்லை. எனவே அது இரண்டாகப் பிரிந்து, பாறையின் வடக்கிலும் தெற்கிலும் பள்ளங்களைக் குடைந்தது. பாறையின் மறைவில் கிழக்கே இருந்த மென்மையான படிவுப் பாறைகள் மட்டும் அரிபடாமல் தப்பி, வால் போல நீண்டன. ஆற்றின் நடுவே கிடக்கும் பெரிய கல்லின் பின்புறம் மணல் தங்கி நிற்பதை இதற்கு ஒப்பிடலாம்.

நகரம் வளர்ந்த விதம்

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை செல்லும் ராயல் மைல் தெரு இந்த வாலின் முதுகில் அமைந்துள்ளது. முதுகு குறுகலானது. ஆகவே மக்கள் பெருகியபோது வீடுகள் பல மாடிகளாக உயர்ந்தன. வடக்குப் பள்ளத்தில் இருந்த நார் லாக் ஏரி 18ஆம் நூற்றாண்டில் வடிக்கத் தொடங்கப்பட்டது. பள்ளத்தைக் கடக்கப் பாலம் கட்டப்பட்ட பிறகு, மறுகரையில் புதிய நகரம் விரிந்தது. இன்று அப்பள்ளத்தில் பிரின்சஸ் தெருப் பூங்காவும் வேவர்லி தொடர்வண்டி நிலையமும் உள்ளன.

பாதுகாப்பும் தண்ணீரும்

செங்குத்தான பாறை பகைவரைத் தடுத்தது. ஆனால் இறுகிய எரிமலைப் பாறையில் நீர் எளிதில் ஊறாது. 1573இல் முற்றுகையின்போது பீரங்கித் தாக்குதலில் இடிந்த கோபுரத்தின் கற்கள் கோட்டையின் முக்கியக் கிணற்றை அடைத்தன. தண்ணீர் இன்றித் தவித்த வீரர்கள் சரணடைந்தனர். அரணாக இருந்த பாறையே அவர்களின் பலவீனமாகவும் அமைந்தது.

அறிவியலில் இடம்

பாறைகள் யாவும் கடல்நீரில் படிந்து உருவானவை எனப் பலர் நம்பிய காலத்தில், எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் (1726–1797) இந்நகரின் சாலிஸ்பரி கிராக்ஸ் பாறைச்சரிவை ஆராய்ந்தார். உருகிய பாறைக்குழம்பு படிவுப் பாறைகளுக்கு இடையே புகுந்து இறுகியதற்கான தடயங்களை அங்கே கண்டார். 1840இல் இங்கு வந்த லூயி அகாசி, பிளாக்போர்டு குன்றின் பாறையில் உள்ள தேய்மானம் பனியாற்றால் ஏற்பட்டது என்று கூறினார். இவ்விரு இடங்களும் இன்றும் உள்ளன.