கத்தி தீட்டும் வீடியோப் படங்களைப் பகுத்தமைக்கும் முறை

விவசாயக் கருவிகளுள் கத்தியை அற்பமானதென எண்ணுவோர் பலர். ஆனால் மழுங்கிய கத்தியால் ஒட்டுக்கு வெட்டினால் வெட்டுவாய் நசுங்கி, தண்டுகள் இரண்டும் பொருந்தாமல் ஒட்டுப் பட்டுப்போகும். கவாத்துச் செய்யுங்கால் பட்டை கிழிந்து, அப்புண்ணின் வழியே நோய் புகும். மேலும், அதிக பலங்கொண்டு அழுத்த நேரிடுவதால் கத்தி வழுக்கிக் கையைக் காயப்படுத்துவதும் உண்டு.

தீட்டும் முறையைக் கற்பிக்கும் வீடியோப் படங்கள் இக்காலத்தில் கைப்பேசியில் ஏராளமாய்க் கிடைக்கின்றன. அவற்றுட் பலவற்றிலுள்ள குறை யாதெனில், வேண்டிய இடத்தை விரைவிற் கண்டெடுக்க இயலாமையே. கற்பவர் கல்லின் முன் அமர்ந்திருக்கிறார். கைகள் இரண்டிலும் ஈரமும் கற்சேறும். ஒரு பக்கம் தேய்த்தாயிற்று. பிசிறு எழுந்ததா என்று அறியவேண்டும். அதைக் காட்டும் இடம் தெரியாமல் படத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துச் சலித்து, கத்தியை மறுபக்கம் திருப்பிவிடுகிறார். பிசிறு எழாதவிடத்தில் இரு சரிவுகளும் இன்னும் சந்திக்கவில்லையாதலால், அவ்விடம் மழுங்கலாகவே இருக்கும்.

ஆகையால் படம் எடுப்போர் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. கை நிற்குமிடத்திற் பிரித்தல்.— வேலை செய்பவர் இயல்பாக நின்று பார்க்கும் இடமே ஒரு பகுதியின் முடிவு. இருபக்கச் சரிவுள்ள கத்திக்கு ஓர் உதாரணம்:

0:00 கத்தியின் நிலையைப் பார்த்தல்
0:50 கல்லை நனைத்து அசையாமல் வைத்தல்
1:40 கோணம் பிடித்தல்
3:10 முதற்பக்கம் தேய்த்தல்
4:30 பிசிறு எழுந்ததை அறிதல்
5:20 மறுபக்கம் தேய்த்தல்
7:00 நுண்கல்லில் பிசிறு நீக்கல்
8:20 கூர்மையைச் சோதித்தல்

2. தலைப்பு.— "இரண்டாம் படி" என்பது போன்ற தலைப்பால் பயனில்லை. கண்ணுக்கோ விரலுக்கோ புலப்படும் அடையாளத்தைத் தலைப்பிலாவது முதல் வாக்கியத்திலாவது கூறவேண்டும். உதாரணமாக, 3 சென்டிமீட்டர் அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லினின்று ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயர்த்தினால் கோணம் 20 பாகையாகும். இவ்வளவை அண்மைக் காட்சியாகக் காட்டினால், கோணமானி இல்லாதவரும் அறிந்துகொள்வர்.

3. நேரக்குறிப்பு.— யூடியூபில் படத்தின் கீழுள்ள விளக்கக் குறிப்பில் மேற்கண்டவாறு நேரத்தையும் தலைப்பையும் வரிக்கு ஒன்றாக எழுதவேண்டும். முதல் வரி 0:00 என்றே தொடங்கவேண்டும். மூன்று வரிகளுக்குக் குறையலாகாது. நேரங்கள் ஏறுவரிசையில் இருக்கவேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையலாகாது. இவற்றுள் ஒன்று தவறினும் பகுதிப் பிரிவு தோன்றாமற் போகலாம்.

4. வாட்ஸ்அப் வழியே செல்லும் படம்.— படத்தையே கோப்பாக அனுப்பினால் இக்குறிப்புகள் அதனுடன் செல்வதில்லை. ஆதலால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதன் எண்ணையும் தலைப்பையும் பெரிய எழுத்தில் சில விநாடிகள் காட்டி, வாயாலும் சொல்லவேண்டும். எழுதப் படிக்க அறியாத வேலையாட்களுக்கும் இது உதவும்.

5. கருவிக்கொரு படம்.— ஒட்டுக்கத்திகளிற் பல ஒருபக்கம் மாத்திரம் சரிவுடையன. தட்டையான பக்கத்தைச் சாய்த்துத் தேய்த்தால் வெட்டு நேராக விழாது. பல் வைத்த கதிரரிவாளைத் தட்டைக் கல்லிற் கத்தியைப் போலத் தேய்த்தால் பற்கள் தேய்ந்துபோகும். இவற்றை ஒரே படத்தில் அடக்கினால், ஒன்றுக்குரிய முறையை மற்றொன்றிற் கையாண்டு கருவியைக் கெடுக்க நேரிடும்.

படத்தை வெளியிடுமுன் தீட்டியறியாத ஒருவரிடம் கைப்பேசியையும் கத்தியையும் கொடுத்து, வேண்டிய பகுதியை அவர் தாமே கண்டெடுக்கிறாரா என்று பார்ப்பது உத்தமம். அவர் தேடித் தடுமாறும் இடமே திருத்தவேண்டிய இடமாகும். நிலச்சொந்தக்காரர்கள் தங்கள் ஊரிலுள்ள தேர்ந்த தொழிலாளியைக் கொண்டு இவ்வாறு படமெடுப்பதும், கிராம உத்தியோகஸ்தர்கள் அதனை விவசாயிகளிடையே பரப்புவதும் செலவு மிகுதியில்லாத காரியம். பயனோ பருவந்தோறும் கிடைக்கும்.