மலைநாட்டில் அடைத்தாராவும் அதன் குஞ்சுகளும்

வாத்து எனவும் தாரா எனவும் வழங்கப்படும் பறவை, நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் ஒருங்கே பயன்படுவதாகும். நத்தை, புழு, பூச்சி ஆகியவற்றைத் தின்று, முட்டையும் எருவும் தருகின்றது. எனினும் நுவரெலியா, ஹற்றன் போன்ற குளிர்ப்பகுதிகளில், நன்கு பொரித்த குஞ்சுகள் ஓரிரு இரவுக்குள் மடிந்துபோதல் உண்டு. குளிருடன் ஈரம் சேர்வதே இதற்கு முதற்காரணம். நீர்ப்பறவைக்கு ஈரம் தீங்கு செய்யுமோ என ஐயுறுதல் இயல்பே. வளர்ந்த தாராவுக்கு எண்ணெய்ப்பசையுள்ள இறகு காப்பாகின்றது. குஞ்சின் மென்மயிரோ எளிதில் நனைந்து உடற்சூட்டைப் போக்கிவிடும்.

அடைவைக்கும் காலம்

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகின்றது. ஆகவே, மாசி நடுவில் அடைவைத்தல் நன்று. 28 நாட்களில், பங்குனி நடுவில், குஞ்சுகள் பொரிக்கும். பெருமழை தொடங்குமுன் அவற்றுக்கு இறகு பெரும்பாலும் முளைத்துவிடும். மஸ்கோவி இனத்துக்கு 35 நாட்கள் வேண்டுமாதலால் ஒரு வாரம் முன்னதாக அடைவைத்தல் வேண்டும்.

முட்டைகளும் கூடும்

காக்கி கம்பெல், இந்தியன் ரன்னர் ஆகிய இனங்கள் முட்டையிடுவதிற் சிறந்தவை. ஆனால் அரிதாகவே அடைகிடக்கும். மஸ்கோவி சிறந்த அடைத்தாராவாகும். அதன் கீழ் 12 முட்டைகள் வரை வைக்கலாம். அடைக்கோழியைப் பயன்படுத்தின் 8 போதும்.

வெடிப்பில்லாத, சுத்தமான முட்டைகளையே தெரிதல் வேண்டும். அழுக்கானவற்றைக் கழுவி அடைவைத்தல் கூடாது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையும் ஏற்றதன்று. சேர்த்து வைக்கும் முட்டைகளை நாள்தோறும் புரட்டிவிடுக. குஞ்சுகளுக்குப் பகையான மலைநாட்டுக் குளிர், அடைவைக்குமுன் முட்டைகளுக்கு நன்மையே செய்யும்.

கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றும் சாரலும் படாத மூலையில் அமைத்து, உலர்ந்த வைக்கோல் பரப்புக. எலி, கீரி, நாய் புகாதவாறு கம்பிவலையும் வேண்டும்.

அடைத்தாரா நாளுக்கு ஒருமுறை இரைக்கும் நீருக்கும் வெளிவருதல் இயல்பு. நெல், சோளம் முதலிய முழுத்தானியங்களையும் நீரையும் அருகில் வைப்பின் விரைவில் திரும்பும். நெடுநேரம் நீங்கினால் முட்டைகள் குளிர்ந்துவிடும். பத்தாம் நாளிரவில் முட்டைகளை விளக்கொளியிற் பார்த்து, உள்ளே நரம்போடாது தெளிவாயிருப்பவற்றை நீக்குக. தாரா குளித்து வருங்கால் அதன் நனைந்த இறகு முட்டைகளுக்கு ஈரப்பதம் தரும். கோழி அடைகிடப்பின், கடைசி வாரத்தில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது தெளித்தல் வேண்டும்.

ஓடு வெடித்தபின் குஞ்சு முற்றாக வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு மடியும்.

குஞ்சுகளின் பராமரிப்பு

தாயுடனிருக்கும் குஞ்சுகளுக்குத் தாயே வெப்பம். தாயில்லாதவற்றுக்கு மின்குமிழின் கீழ் முதல் வாரம் 32 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும்; பின் வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று நெருங்கின் குளிர் மிகுதி. விலகி வாய் திறந்து மூச்சுவிடின் வெப்பம் மிகுதி. மூடிய அறையில் கரிச்சட்டி வைத்தல் குஞ்சுகளுக்கும் மனிதருக்கும் உயிராபத்தாகும்.

தரையில் உமி அல்லது மரச்சீவல் மூன்று அங்குலம் பரப்பி, நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுக. நீர்ப்பாத்திரம் குஞ்சின் மூக்குத் துளை அமிழுமளவு ஆழமாயிருத்தல் வேண்டும். மூக்கைக் கழுவ இயலாவிடின் அது அடைபடும். ஆயினும் உள்ளே இறங்கி நனையாதவாறு கூழாங்கற்களை இடுக. இரை தொண்டையில் சிக்காதிருக்க, உணவு வைக்கும்போதெல்லாம் நீரும் இருத்தல் அவசியம். மலைநாட்டில் முதல் மூன்று வாரம் நீந்தவிடாதிருத்தல் நன்று.

வேகவைத்த அரிசிக் குறுணல், தவிடு, மீன்தூள், பொடியாக நறுக்கிய கீரை ஆகியவற்றைக் கலந்து, ஒரு வேளைக்குத் தின்னுமளவே கொடுக்க. தாராக்குஞ்சுக்கு நயாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட மிகுதியாக வேண்டும். குறையின் கால்கள் வளையும். தவிடும் மீன்தூளும் இச்சத்தைத் தருவன.

பூஞ்சணம் பிடித்த உணவு

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் இலட்சத்துக்கு மேல் மாண்டன, தாராக்குஞ்சுகளும் இறந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த நஞ்சே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அஃப்ளடொக்சின் எனப்படும் அந்நஞ்சு தாராக்குஞ்சின் ஈரலை மிக எளிதிற் கெடுக்கும். மூடுபனியும் மழையும் நிறைந்த மலைநாட்டில் தவிடும் பிண்ணாக்கும் விரைவிற் பூஞ்சணம் பிடிப்பன. ஆகவே அவற்றை நிலத்திற் படாது, மூடியுள்ள தகரப் பேழையில் வைத்தல் வேண்டும். மணமோ நிறமோ மாறிய உணவை விலை கருதி ஊட்டவேண்டாம்.

தோட்டத்தில் விடுதல்

இறகு நிறைந்தபின் குஞ்சுகளை வெயிலுள்ள வேளையில் வெளியே விடலாம். இளநாற்று மேடைகளைத் தாராக்கள் மிதித்தும் கொத்தியும் கெடுக்குமாதலால் அங்கு வேலி வேண்டும். பூச்சிகொல்லி தெளித்த உருளைக்கிழங்கு, கோவாப் பாத்திகளில் அவற்றை விடுதலாகாது. பல குஞ்சுகள் ஒருங்கே சோர்ந்தால், தாமாக மருந்திடாது, இறந்த குஞ்சு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தை அன்றே நாடுதல் வேண்டும்.