கொடையா? கூலியா?

"கிராஜுவிடி எப்போது வரும்?" ஓய்வு பெறும் தொழிலாளி கேட்கும் முதற்கேள்வி இது. நாள்தோறும் நம் நாவிலே புழங்கும் இந்த ஆங்கிலச் சொல் என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே?

லத்தீனில் 'கிராட்டுஸ்' என்றால் மகிழ்வளிப்பது, நன்றிக்குரியது. அந்த வேரில் கிளைத்து, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் குடியேறிய சொல் இது. அன்று அதற்குப் பொருள்: தயவு, வெகுமதி, அன்பளிப்பு. கேட்டுப் பெறுவதன்று, கொடுப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது! இன்றும் ஆங்கிலேயர், ஓட்டலில் பரிமாறியவருக்கு வைத்துவிட்டுப் போகும் சில்லறைக்கு இதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

உழைத்து ஓய்ந்தவனை வீட்டுக்கு அனுப்பும்போது முதலாளி தந்த தொகைக்கும் இந்தப் பெயரையே சூட்டினார்கள். தந்தால் தருமம், தராவிட்டால் கேட்க நாதியில்லை!

தமிழிலோ 'பணிக்கொடை' என்கிறோம். பணி நம்முடையது, சரி. கொடை யாருடையது?

1961-இல் உச்சநீதிமன்றமே தெளிவாக்கிற்று: இது இனாமன்று, செய்த வேலைக்காகத் தரப்படுவது என்று. கேரளம் 1970-இலும் மேற்கு வங்கம் 1971-இலும் வழிகாட்டின. 1972-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அதன் இடத்தில் நிற்கிறது. சட்டம் மாறினாலும் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவனுக்கு, ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் சம்பளம். இறந்துபோனாலோ, உடல் ஊனமுற்று வேலையிழந்தாலோ ஐந்தாண்டு என்ற நிபந்தனையும் இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசி மாதம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. இருபதாண்டு உழைத்திருந்தால் 3,00,000 ரூபாய்!

இது எவருடைய வள்ளன்மை? இருபதாண்டு வியர்வையில் தேங்கி நின்ற கூலியல்லவா!

அகராதியில் பழைய பொருள் இருந்துவிட்டுப் போகட்டும். சட்டத்தில் இருப்பது உரிமை. ஆகவே, ஓய்வு நாளில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த தேதியையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள், கணக்கைப் போடுங்கள், நிமிர்ந்து நின்று கேளுங்கள்!