சிடி4 எண்ணிக்கை: எளிய கருவியின் கணக்கை நம்பலாமா?

ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து உட்கொண்டு வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "சென்ற முறை 410 இருந்தது, இம்முறை 350 என்று வந்திருக்கிறதே, உடம்பு மருந்துக்குக் கேட்கவில்லையா?" இவ்வச்சத்தால் சிலர் கடன் வாங்கி மதுரைக்குச் சென்று, தனியார் ஆய்வகத்தில் மீண்டும் இரத்தம் கொடுக்கின்றனர். அங்கே வேறோர் எண் வருகிறது, குழப்பம் இரட்டிப்பாகிறது. இலவசமாகவும் குறைந்த செலவிலும் செய்யப்படும் பரிசோதனை தரம் குறைந்தது என்னும் ஐயமே இதற்கு வேர். அந்த ஐயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

சிடி4 அணுக்கள் நோய் எதிர்ப்புப் படையை வழிநடத்தும் வெள்ளை அணுக்கள். நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. கிருமி இவற்றுள் புகுந்தே பெருகுகிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் காசநோய், ஒருவகை நிமோனியா, பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

இவ்வணுக்களை எண்ணுவதற்கு முதலில் இருந்தது லேசர் ஒளியால் அணுக்களை ஒவ்வொன்றாக இனம் பிரிக்கும் பெரிய இயந்திரம். விலையும் மிகுதி, அதற்கான வேதிப்பொருள்களின் செலவும் மிகுதி. 2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது, மருந்து கிடைத்தாலும் அதன் பயனை அளப்பது எப்படி என்னும் கேள்வி நின்றது. ஏறக்குறைய அதே காலத்தில், டாக்டர் சுனிதி சாலமன் நிறுவிய சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தினர் இயந்திரமே இல்லாத ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தனர்.

அம்முறை எளிது. சிடி4 அணுவை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசிய நுண்ணிய காந்த மணிகளை இரத்தத்தில் கலப்பர். மணிகள் ஒட்டிய அணுக்களைக் காந்தத்தால் ஒருபுறம் இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுவர். மோனோசைட் என்னும் வேறு வெள்ளை அணுவின் மீதும் சிடி4 அடையாளம் சிறிது உண்டு. எனவே முதலில் வேறு மணிகளால் அவற்றை நீக்கிவிட வேண்டும். பெரிய இயந்திரத்தின் முடிவோடு இம்முடிவுகள் நன்கு ஒத்துப்போயின. ஆயினும் ஒரு நாளில் சில மாதிரிகளையே எண்ண முடியும்; கூட்டம் மிகுந்த மையத்துக்கு அது போதாது. பின்னர் அரசுத் திட்டம் சிடி4-க்கென்றே அமைந்த சிறிய இயந்திரங்களுக்கு மாறியது. விரல் நுனியில் எடுத்த துளி இரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் விடை தரும் கையடக்கக் கருவியும் வந்துவிட்டது. சிகிச்சைக்கு வேண்டிய அளவு துல்லியம் இவற்றில் உண்டு.

அப்படியானால் எண் ஏன் மாறுகிறது? கருவியைவிட உடலே அதற்குப் பெரிய காரணம். சிடி4 காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். காய்ச்சல், கடும் உழைப்பு, கருவுற்ற காலம் ஆகியவற்றில் இறங்கும். 410 என்பது 350 ஆவது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியதே. ஆகவே நாங்கள் ஒற்றை எண்ணைப் பார்ப்பதில்லை. ஓராண்டு, ஈராண்டுப் போக்கையே பார்க்கிறோம். இடம் மாற்றி மாற்றிப் பரிசோதித்தால் அப்போக்கு புலப்படாமல் போகும்.

இதற்கு எதிரான நிலையே எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது. 600 வந்ததும், "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் இருக்கின்றனர். அந்த 600 மாத்திரை தந்தது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும்; சிடி4 சரிவது பின்னரே தெரியும். மருந்து பயன் தருகிறதா என்பதை முதலில் உரைப்பது வைரஸ் அளவுப் பரிசோதனை. 2018 முதல் அரசுத் திட்டத்தில் இதுவும் இலவசமாகச் செய்யப்படுகிறது. வைரஸ் அடங்கி, சிடி4-உம் 350-க்கு மேல் நிலைத்துவிட்டால், சிடி4 பரிசோதனையையே மருத்துவர் நிறுத்திவிடலாம். அது புறக்கணிப்பு அன்று, நல்ல செய்தி. 2017 முதல் எந்த எண்ணிக்கையிலும் மருந்து தொடங்கப்படுவதால், இன்று சிடி4-இன் முதன்மையான பணி, ஆபத்தான நிலையில் வருவோரை உடனே இனங்காண்பதாகும்.

கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குச் செல்வோருக்கு, பரிசோதனைக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி இழப்பு என்பதை அறிவோம். எனவே மாத்திரை வாங்க வரும் நாளிலேயே இரத்தமும் எடுக்குமாறு கேளுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. அன்றைய மாத்திரையையும் தவிர்க்கக் கூடாது. இயன்றவரை ஒவ்வொரு முறையும் காலையிலேயே இரத்தம் கொடுங்கள். காய்ச்சலோ இருமலோ இருந்தால் ஆலோசகரிடம் முன்னரே கூறுங்கள். உடல் தேறிய பின் எடுப்பது நல்லதா என்பதை அவர் மருத்துவரைக் கேட்டுச் சொல்வார்.