பெற்றோரின் கண்ணும் பிள்ளையின் அவஸ்தையும்

எலும்பு முறிந்தால் ஆந்திரத்துப் புத்தூருக்குப் போ என்பது, திருப்பதி, சித்தூர் வட்டாரங்களிலும் எல்லைக்கு அப்பால் தமிழகத்திலும் தலைமுறைகளாக வழங்கிவரும் யோசனை. மூங்கில் தப்பையும் முட்டை வெள்ளையும் பச்சிலையும் வைத்துக் கட்டிச் சில வாரங்கள் பொறுத்தால் எலும்பு கூடிவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த பெற்றோர், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத தம் பிள்ளையையும் அதே எதிர்பார்ப்போடு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது இயற்கையே. ஆனால், அப்பிள்ளைக்கு இருக்கக்கூடிய ஆட்டிசமோ எலும்பு முறிவைப் போன்றதன்று; மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. பெரும்பாலும் மரபணுக்களைச் சார்ந்தது. ஆயுள் முழுதும் உடன்வருவது.

முதலில் காண்பவர்

தமாரா டேலி என்னும் ஆய்வாளர் இந்திய நகரங்களில் இத்தகைய குழந்தைகளின் குடும்பங்களை விசாரித்து 2004இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து, நம் பெற்றோர் பிள்ளை பிறரோடு சேராமையையே முதலில் கவனித்தனர் என்பது தெரியவருகிறது. அவர்கள் கண்ணுக்கு அது தப்புவதில்லை. ஆனால், "உன் புருஷனும் நாலு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு மெல்லத்தான் வரும்" என்று மாமியார் ஆறுதல் சொல்ல, அந்த ஆறுதலிலேயே பயிற்சிக்குரிய அருமையான ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

பிடிவாதம் என்னும் பழி

பெற்றோர் அதிகம் முறையிடுவது பிடிவாதத்தைப் பற்றித்தான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும், புதுச் சட்டையைக் கிழித்தெறிவதும், வழக்கமான வழியை விட்டு வேறு தெருவில் திரும்பினால் தரையில் விழுந்து புரளுவதும் பார்ப்பவர்க்கு அடமாகவே தோன்றும்; அந்தக் குழந்தைக்கோ ஒலியும் தீண்டலும் மாற்றமும் தாங்கவொண்ணாத வேதனையாக இருக்கக்கூடும் என்பதையும், அதைச் சொல்ல அதற்கு மொழி வாய்க்கவில்லை என்பதையும் உணர்ந்த வீட்டில் அடி நின்றுவிடும். அடியால் இந்த வேதனை குறைந்ததில்லை.

செல்போனைக் காட்டிக் கெடுத்தாள் என்று தாயைத் தூற்றுவோரும் உண்டு. தாயின் அன்பின்மையே காரணமென்ற கொடிய அபிப்பிராயம் மேல்நாட்டு வைத்தியரிடையேயும் ஒரு காலத்தில் நிலவியது. அதை 1964இல் தம் நூலால் எதிர்த்த பெர்னார்ட் ரிம்லாண்ட், தாமே ஆட்டிசமுள்ள மகனின் தந்தை.

எங்கே செல்வது?

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சந்தேகத்தைச் சொன்னால், மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக அங்கீகரித்திருப்பதால் சான்றிதழும் சலுகைகளும் கிடைக்கும். பேச்சுப் பயிற்சியும் அன்றாட வேலைகளுக்கான பயிற்சியும் இளமையில் தொடங்குவதே உத்தமம். போகும்போது, பிள்ளை எதற்கு அஞ்சுகிறது, எதில் மகிழ்கிறது என்று தேதியிட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தாய் கொண்டுசெல்லட்டும். சிறிது நேரப் பரிசோதனையில் புலப்படாதது அதிலிருந்து வைத்தியருக்குத் தெரியவரும்.