நரி முகத்தில் விழித்தால் யோகம்தான்... நரி இருந்தால்!

‘என்னப்பா, காலையில நரி முகத்துல முழிச்சியா?’

எதிர்பாராமல் நாலு காசு கைக்கு வந்தவரைப் பார்த்து நம்மூரில் கேட்கும் கேள்வி இது. பாட்டி வடை சுட்ட கதையில் காக்காவை ஏமாற்றும் நரி, பேச்சுவழக்கில் மட்டும் அதிர்ஷ்டத்தின் அடையாளமாகிவிடும். ஆனால், இதைக் கேட்பவர்களிலும் கேட்டுச் சிரிப்பவர்களிலும் எத்தனை பேர் நிஜமாகவே ஒரு நரியின் முகத்தைப் பார்த்திருப்போம்?

மதுரையில் நரிமேடு, விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடி என ஊர்ப் பெயர்களில் நரி இருக்கிறது. மாணிக்கவாசகருக்காக சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடல், மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. பெயரிலும் புராணத்திலும் பத்திரமாக இருக்கும் நரி, பல ஊர்களில் வயக்காட்டிலிருந்து மட்டும் காணாமல்போய்க்கொண்டிருக்கிறது.

நம்மூரில் இரண்டு நரிகள்

நாம் பொதுவாக ‘நரி’ என்று சொல்வது இரண்டு வெவ்வேறு விலங்குகளை.

ஒன்று, ஆங்கிலத்தில் ஜாக்கல் எனப்படும் நரி. பார்க்க ஒல்லியான நாட்டு நாய் மாதிரி இருக்கும். எடை 7 முதல் 11 கிலோ வரை. பொழுது சாய்ந்ததும் ஊளையிடுவது இதுதான். நாய், ஓநாய் ஆகியவற்றின் நெருங்கிய சொந்தம். பஞ்சதந்திரத்தில் வரும் கரடகனும் தமனகனும் இந்த வகைதான்.

இன்னொன்று, ஃபாக்ஸ் வகையைச் சேர்ந்த குழிநரி. எடை 3 கிலோவை ஒட்டித்தான் இருக்கும்; கிட்டத்தட்ட ஒரு பூனையின் எடை. கூர்மையான மூஞ்சி, பெரிய காதுகள், நுனியில் கறுப்பு தீட்டியது போன்ற புசுபுசு வால். நரியின் கண்மணி நாய்க்கு இருப்பதுபோல வட்டமாக இருக்கும். குழிநரிக்குப் பூனையைப்போல செங்குத்தான கோடாகச் சுருங்கும். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குழிநரி கிடையாது.

‘குள்ளநரி’ என்ற பெயரை ஊருக்கு ஊர் இரண்டுக்குமே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை குழப்பம்!

ஊளையின் அர்த்தம்

தந்திரம், நயவஞ்சகம் என்று நாம் பட்டம் கொடுத்திருக்கும் நரி, நிஜத்தில் நல்ல குடும்பஸ்தன். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் நீண்ட காலம் சேர்ந்தே வாழும். சுமார் 63 நாள் கர்ப்பகாலம். குட்டிகளுக்கு இரை கொண்டுவருவதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. முந்தைய ஈற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு வீட்டோடு தங்கி, தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஊளை என்பது அபசகுனம் அல்ல. ‘இது எங்கள் இடம், நாங்கள் இங்கே இருக்கிறோம்’ என்று அக்கம்பக்கத்து நரிக் குடும்பங்களுக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான்.

குழிநரியும் ஜோடியாக வாழ்வதுதான். திறந்தவெளிகளிலும் மேட்டு நிலங்களிலும் பல வாசல்கள் வைத்து வளை தோண்டும். ஒரு வாசலில் ஆபத்து என்றால் இன்னொரு வாசல் வழியாக ஓட்டம். பெரும்பாலும் கோடைக்கு முன்னால் குட்டி போடும். அம்மா, அப்பா இருவரும் சேர்ந்துதான் வளர்ப்பார்கள்.

சம்பளம் வாங்காத காவல்காரர்

கோழி திருடுகிறது, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்பதுதான் நரி மீதான புகார். அது பொய்யில்லை. ஆனால், நரியின் தினசரி சாப்பாட்டில் வயல் எலிகள், பூச்சிகள், நண்டுகள், பறவை முட்டைகள், செத்த பிராணிகள், இலந்தை போன்ற பழங்கள் என எல்லாமே உண்டு. குழிநரிக்கு எலி, வெட்டுக்கிளி, கறையான் இருந்தாலே விருந்து.

இது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஐரோப்பாவில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். நம்மூரில் ஊளையிடும் அதே இன நரிதான் அங்கும் வாழ்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐரோப்பாவில் உள்ள நரிகள் ஆண்டுக்கு 13,000 டன்னுக்கும் அதிகமான விலங்குக் கழிவுகளைத் தின்று தீர்க்கின்றன. பயிரை அழிக்கும் எலி வகைகளில் சுமார் 15.8 கோடியை ஒழித்துக்கட்டுகின்றன.

நம் விவசாயிகள் புள்ளிவிவரம் இல்லாமலேயே இன்னொரு கணக்குச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மயில்களால் பயிர் சேதமாவது இன்று பெரிய பிரச்னை. மயில் தரையில் முட்டையிடும் பறவை. ‘முட்டையைத் தின்ன நரி இல்லை, அதான் மயில் பெருகிப்போச்சு’ என்பது கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் ஆட்டம் காணும் என்பதை நிலத்தில் உழைப்பவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இல்லாத கொம்புக்காகப் போகும் உயிர்

நரியின் எதிரி அதன் மீதான வெறுப்பு மட்டுமல்ல; அதிர்ஷ்ட நம்பிக்கையும்தான்.

‘நரிக்கொம்பு வீட்டில் இருந்தால் செல்வம் கொழிக்கும்’ என்று சொல்லி விற்கிறார்கள். நரிக்குக் கொம்பே கிடையாது! நரியின் தோலையும் முடியையும் எலும்பையும் வைத்துச் செய்த போலிதான் ‘நரிக்கொம்பு’ என்று விலைபோகிறது. இந்த நம்பிக்கை இன்று நேற்று வந்ததல்ல. இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1861-ல் புத்தகம் எழுதிய எமர்சன் டென்னன்ட், ‘நரிக்கொம்பு’ என்ற நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் பதிவுசெய்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும், இல்லாத கொம்புக்காக நரிகள் சாகின்றன.

சேலம் மாவட்டம் வாழப்பாடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் பொங்கலையொட்டி ‘வங்கா நரி’ பிடிக்கும் வழக்கம் உண்டு. நரியை வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, கோயில் முன்பு ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுவார்கள். அதன் முகத்தில் விழித்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கைதான் காரணம். வனத்துறை இதைத் தடைசெய்து, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்திருக்கிறது. ஊரார் நரியைக் கொல்ல நினைப்பதில்லை. அதை மங்கலமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால், வாய் கட்டப்பட்டு, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஓடும் விலங்குக்கு அது மரண பயம்.

வேட்டைக்காரர்கள் வைக்கும் நாட்டு வெடி இன்னும் கொடூரம். 2021 ஜனவரியில் திருச்சி மாவட்டத்தில், இறைச்சிக்குள் வெடியை மறைத்து வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேர் கைதுசெய்யப்பட்டார்கள்.

இப்போது சட்டம் கடுமையாகிவிட்டது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், நரியை முதல் அட்டவணைக்கு உயர்த்தியிருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல்! வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் தனி.

‘சும்மா கிடக்கிற நிலம்’

சட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. குழிநரிக்கு அடர்ந்த காடு தேவையில்லை. புல்வெளி, மேய்ச்சல் நிலம், முள்செடிகள் நிறைந்த மேடு இருந்தால் போதும். நம் பார்வையில் அது வெறும் தரிசு. ‘சும்மாதானே கிடக்கு’ என்று மனை போடுகிறோம், மண் அள்ளுகிறோம், குப்பை கொட்டுகிறோம். அந்தக் குப்பையைத் தேடித் தெருநாய்கள் வருகின்றன. அவை குழிநரியைத் துரத்துகின்றன. வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயையும் பரப்புகின்றன.

நரியைப் பார்த்தால்...

* துரத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள். வழிவிட்டால் அதுவே ஓடிவிடும்.

* சாப்பாடு வைத்துப் பழக்காதீர்கள். மனிதரிடம் பயம் விட்டுப்போன நரிக்குத்தான் ஆபத்து அதிகம்.

* கோழிகளைப் பொழுது சாய்வதற்குள் கூண்டில் அடையுங்கள். ஆட்டுக்குட்டிகளுக்குப் பட்டி அவசியம்.

* பகலில் தள்ளாடியபடி, பயமில்லாமல் ஆட்களை நெருங்கும் நரிக்கு வெறிநோய் இருக்கலாம். விலகி நின்று வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கடித்துவிட்டால், காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

* நரிக்கொம்பு, நரிப்பல் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கேட்டு வாங்க ஆள் இருக்கும்வரைதான் அந்த வியாபாரம்.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம் முன்னோர்கள் எதற்காகச் சொன்னார்களோ... நரி நடமாடும் வயலில் எலி குறையும், விளைச்சல் மிஞ்சும். அந்த யோகம் வலையில் சிக்கிய நரியிடமும் இல்லை, பெட்டிக்குள் பூட்டிய கொம்பிலும் இல்லை. வரப்பில் நின்று நம்மை ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வழியில் போகிற நரியிடம்தான் இருக்கிறது.