பாரமே பிடித்துக்கொள்ளுமா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் பக்கம் போகிற டிரெய்லர்களில் இரும்புத் தகட்டுச் சுருள்களைப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் ‘காயில்’ என்றால்தான் புரியும். கார்க் கதவாகவும் பானெட்டாகவும் ஆகப்போகிற தகடு அது. ஒரு காயில் 20 டன்கூட இருக்கும். இவ்வளவு கனமானது எங்கே நகரப்போகிறது, தன் பாரமே தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் பலர். பாரத்துக்கு அந்தச் சக்தி கிடையாது என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது.

லாரி பிரேக் போடும்போது காயிலை எதுவும் முன்னே தள்ளுவதில்லை. போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே அது போகப் பார்க்கிறது, இதுதான் நிலைமம். லாரியோடு சேர்த்து அதையும் நிறுத்த வேண்டிய வேலை, அடித்தளத்தின் உராய்வுடையது. எடை கூடினால் உராய்வும் கூடும். 1699இல் பிரெஞ்சுக்காரர் அமான்டன் சொன்ன விதி இது. பாரத்தை நம்புகிறவர்கள் இதுவரை சரி. ஆனால் எடை கூடும் அதே விகிதத்தில், நிறுத்துவதற்கு வேண்டிய விசையும் கூடிவிடுகிறது. வரவும் செலவும் நேர். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே மாதிரி இருந்தால், 20 டன் காயிலும் பக்கத்தில் கிடக்கும் 2 கிலோ சுத்தியலும் ஒரே பிரேக்குக்குத்தான் சறுக்கத் தொடங்கும். வண்டி கிளம்பும்போது பின்பக்கம், வளைவில் வெளிப்பக்கம், கணக்கு மாறாது.

‘ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம்?’ என்று கேட்கலாம். படப்பைக் கடைத்தெருவில் வண்டி 36 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைப்போம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். திடீரென்று ஒரு பைக் குறுக்கே வருகிறது. அழுத்திப் பிடித்த பிரேக்கில் லாரியின் வேகம் நொடிக்கு 6 மீட்டர் வீதம் குறையும். இரும்புத் தளத்தில் இரும்பு உட்கார்ந்திருந்தால் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.2தான், காயிலின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் வீதமே குறையும். கேபினுக்கும் காயிலுக்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி என்றால், லாரி நிற்பதற்கு முன்பே, ஒன்றேகால் நொடிக்குள், காயில் சுமார் 18 கி.மீ. வேகத்தில் கேபினின் முதுகில் மோதும். 60 கி.மீ. வேகத்தில் வந்திருந்தாலும் அந்த மோதல் வேகம் இதேதான்! அதைத் தீர்மானிப்பவை பிரேக்கின் அழுத்தமும் இடைவெளியும் தளத்தின் வழுவழுப்புமே.

பெல்ட் போட்டு இறுக்கினால் போதாதா? மேலிருந்து அழுத்துவது நல்ல யோசனைதான். பாரத்தைக் கூட்டாமல் உராய்வை மட்டும் கூட்டுகிறது. ஆனால் இந்த பிரேக்குக்கு ஏறத்தாழ 12 டன் பிடிப்பு வேண்டும்; கையிலிருப்பது 4 டன். மீதி 8 டன்னை அழுத்தியே வாங்க 40 டன் இறுக்கம் தேவை. பெல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது வராது. அடியில் முரட்டு ரப்பர் விரிப்பு போட்டால் குணகம் 0.6 வரை ஏறும். 12 டன் பிடிப்பு அப்படியே கிடைத்துவிடும். அப்படியானால் காயிலைச் சங்கிலியால் கட்டுவது எதற்கு என்றால், வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கும் கணத்தில் காயில் தளத்தை அழுத்துவது குறைகிறது, பிடிப்பும் கூடவே குறைகிறது. அதனால்தான் காயிலின் நடுத்துளை வழியே சங்கிலி விட்டுப் பின்பக்கமாக இழுத்துக் கட்டுவதும், முன்னால் கட்டை கொடுப்பதும். லோடு ஏற்றும் யார்டுகளுக்கு ஒரு வேண்டுகோள்: விரிப்பு, சங்கிலி, கட்டை மூன்றையும் பார்க்காமல் எந்தக் காயில் வண்டிக்கும் கேட் பாஸ் கொடுக்காதீர்கள்.